அரை இஞ்ச்சுக்கு 12 மரை

நம்ம ஒர்க்ஷாப்பில் டிரில்லிங் மெஷினுக்குப் பின்னால் சுவரில் எண்ணெய்க் கறையோடு ஒரு சார்ட் தொங்குகிறதே, கவனித்திருக்கிறீர்களா? இடப்பக்கம் டேப் சைஸ், வலப்பக்கம் டிரில் சைஸ். எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2 என்று வரிசையாகப் போகும். நம்மில் பாதிப் பேர் அதை நிமிர்ந்து பார்ப்பது பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு மட்டும்தான்.

இந்த மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, காமராஜர், அப்துல் கலாம், ராமானுஜன் என்று எல்லாருக்கும் ஆள் பேர் கொடுத்தாகிவிட்டது. சரி, நம்ம தொழிலுக்கே உரிய ஒருவரை எழுதலாம் என்று நான் எடுத்துக்கொண்டவர் ஜோசப் விட்வொர்த். அந்தச் சார்ட்டை இவர் எழுதவில்லை. ஆனால் இவர் இல்லாவிட்டால் அப்படி ஒரு சார்ட் எழுதவே வழியிருந்திருக்காது. அது எப்படி என்பதுதான் கட்டுரை.

1803 டிசம்பர் 21-ம் தேதி இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவ மத போதகரும்கூட. சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோனார். 14 வயதில் பையனை டெர்பிஷயரில் ஒரு நெருங்கிய உறவினரின் பருத்தி மில்லில் வேலை பழக அனுப்பினார்கள். போகப்போக மில்லையே பார்த்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். பையனுக்கோ நூலில் மனசு இல்லை, நூற்கிற மெஷினில்தான் மனசு. ஒவ்வொரு மெஷினும் எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு மோசமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துகொண்டார். நாலு வருஷம் தாக்குப்பிடித்தார். அப்புறம் ஒரு நாள் கிளம்பி மான்செஸ்டருக்குப் போய்ப் பட்டறையில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டார். முதலாளி ஆகவேண்டிய பையன் வைஸ் பிடிக்கப் போனால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை, நம்ம வீடுகளிலேயே கேட்டிருப்போம்.

1825-ல் ஃபேனி என்ற படகுக்காரர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு லண்டன் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த குருநாதர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். முதலில் ஹென்றி மாட்ஸ்லே. ஸ்லைடு ரெஸ்ட்டும் லீடு ஸ்குரூவும் சேர்ந்த லேத்தைப் பட்டறைக்கே பழக்கப்படுத்தியவர் அவர்தான். பிறகு ஹோல்ட்ஸாப்ஃபெல் பட்டறை. அதற்குப் பிறகு ஜோசப் கிளெமென்ட். பாபேஜின் கணக்கு மெஷினுக்கு, அதாவது கம்ப்யூட்டருக்குத் தாத்தா முறையாகிற அந்த மெஷினுக்கு, பாகங்கள் செய்துகொண்டிருந்தவர் கிளெமென்ட்.

கிளெமென்ட் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. இன்ன விட்டமுள்ள ஸ்குரூவுக்கு ஒரு இஞ்ச்சுக்கு இத்தனை மரைதான் என்று அந்தப் பட்டறைக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நாம் இன்றைக்குப் பிடிக்கிற டேப்பின் பக்கவாட்டில் காடி இருக்கிறதே, அந்த மாதிரிக் காடி போட்ட டேப்பையும், துளைக்குள் முழுக்க இறங்கி மறுபக்கம் விழுகிற மாதிரி சின்னத் தலை வைத்த டேப்பையும் அவர் செய்து பயன்படுத்தினார். பட்டறைக்குள் ஒரு கணக்கு என்றேன் பாருங்கள், பிரச்சினையே அதில்தான் இருந்தது. பக்கத்துப் பட்டறைக்குப் போனால் கணக்கே வேறு.

அந்தக் காலத்து நிலைமையை நினைத்துப் பாருங்கள். அரை இஞ்ச் போல்ட்டு என்றால் ஒரு பட்டறையில் 11 மரை, இன்னொன்றில் 12, மற்றொன்றில் 13 என்று அவரவர் இஷ்டம். மரையின் கோணமும் அப்படியே. ஒரு நட்டு தொலைந்தால் அந்த மெஷினைச் செய்த பட்டறைக்கே எழுதிப் போடவேண்டும். இன்ஜினைக் கழற்றினால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்று அடையாளம் போட்டு வைக்கவேண்டும். மாற்றிப் போட்டால் ஏறாது, அல்லது ஏறின மாதிரி ஏறி மரை கழன்றுவிடும்.

இதில் டிரில் விஷயத்துக்கு வருவோம். ஒரு துளையில் மரை போடும் முன், டேப்பைவிடச் சின்னதாக ஒரு துளை போடுகிறோம். எவ்வளவு சின்னதாக என்பதுதான் கேள்வி. மரையின் ஆழம் தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். பிட்ச்சும் கோணமும் தெரிந்தால்தான் ஆழம் தெரியும். அவை பட்டறைக்குப் பட்டறை வேறு என்றால், டிரில் அளவும் பட்டறைக்குப் பட்டறை வேறுதான். பொதுவான சார்ட் ஒன்று எழுதி எல்லாருக்கும் விற்பதற்கு வழியே இல்லை. மேஸ்திரிக்குக் கை அளவு தெரியும், அவர் போனால் அதுவும் போச்சு.

1833-ல் பாபேஜுக்கும் கிளெமென்ட்டுக்கும் தகராறு வந்து கணக்கு மெஷின் வேலை நின்றது. விட்வொர்த் மான்செஸ்டருக்குத் திரும்பி ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, லண்டனிலிருந்து வந்த கருவி தயாரிப்பாளர் என்று போர்டு மாட்டினார். அப்போதே லண்டன் பேருக்கு மவுசு உண்டு போலிருக்கிறது.

அவர் முதலில் பேர் வாங்கியது சர்ஃபேஸ் பிளேட்டில். ஃபிட்டிங் செக்ஷனில் புரூசியன் புளூ தடவி ஜாபைத் தேய்த்துப் பார்க்கிறோமே, அந்த பிளேட்தான். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்த்தால் போதாது. ஒன்று மேடாகவும் இன்னொன்று அதே அளவு குழிவாகவும் இருந்தால்கூட இரண்டும் அழகாகப் பொருந்திவிடும். மூன்று தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் பொருத்தி, மேடான இடங்களை ஸ்கிரேப்பரால் சுரண்டிக்கொண்டே வந்தால், மூன்றும் சமதளமானால் ஒழிய எல்லா ஜோடியும் பொருந்தாது. எமரித்தூள் போட்டுத் தேய்ப்பதைவிடச் சுரண்டுவதே சரி என்று 1840-ல் கிளாஸ்கோவில் அறிஞர் கூட்டத்தில் கட்டுரையே படித்தார். எந்த அளவையும் எடுப்பதற்கு முன் ஒரு சரியான தளம் வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

அடுத்த ஆண்டு, 1841-ல், லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் மரை பற்றிய கட்டுரை. இங்கேதான் மனிதர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் நினைத்திருந்தால், என் பட்டறை மரைதான் சிறந்தது, எல்லாரும் இதைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் நாட்டின் முக்கியமான பட்டறைகளிலிருந்தெல்லாம் போல்ட்டுகளை வாங்கிச் சேர்த்தார். ஒவ்வொன்றிலும் இஞ்ச்சுக்கு எத்தனை மரை, என்ன ஆழம், என்ன கோணம் என்று அளந்தார். பிறகு சராசரி எடுத்தார். கோணத்துக்குச் சராசரி ஏறக்குறைய 55 டிகிரி வந்தது. அதையே வைத்துக்கொண்டார். கால் இஞ்ச்சுக்கு 20 மரை, மூணு நூலுக்கு 16, அரை இஞ்ச்சுக்கு 12, முக்காலுக்கு 10, ஒரு இஞ்ச்சுக்கு 8 என்று பட்டியல் போட்டார். மரையின் உச்சியும் அடியும் கூராக இல்லாமல் வளைவாக இருக்கவேண்டும் என்றார். கூரான உச்சி தட்டுப்பட்டால் நசுங்கும், கூரான அடியில் விரிசல் ஆரம்பிக்கும்.

55 டிகிரியில் தத்துவம் எதுவும் கிடையாது. 60 டிகிரி சமபக்க முக்கோணம், வரைவதற்கும் சரிபார்ப்பதற்கும் சுலபம். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் சராசரியில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எந்தப் பட்டறையும் ரொம்ப தூரம் நகரவேண்டியதில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் நஷ்டம், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. சிறந்த மரையைத் தேடியிருந்தால் இருபது வருஷம் சண்டை போட்டிருப்பார்கள் என்பது என் கருத்து. ரயில்வே பட்டறைகள் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டன. டேப், டை, பிளக் கேஜ், ரிங் கேஜ் எல்லாம் விட்வொர்த் கம்பெனியே செய்து விற்றது, அதையும் சொல்லிவிடவேண்டும். பொதுநலத்தோடு வியாபாரமும் நடந்தது. 1850-கள் முடிவதற்குள் பிரிட்டனில் மரை என்றால் விட்வொர்த் மரை என்றாகிவிட்டது.

இப்போது அந்த அரை இஞ்ச்சையே எடுத்து டிரில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 மரை என்றால் பிட்ச் ஒரு இஞ்ச்சில் பன்னிரண்டில் ஒன்று. விட்வொர்த் மரையின் ஆழம் பிட்ச்சில் 0.64 பங்கு. இரண்டு பக்கமும் கழித்தால் அடி விட்டம் 0.393 இஞ்ச், மில்லிமீட்டரில் ஏறக்குறைய 10. நம்ம பக்கம் சில பட்டறைகளில், அரை இஞ்ச்சுக்கு ஒரு நூல் குறைத்து மூணு நூல் டிரில் போடு என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். மூணு நூல் என்றால் 9.5 மில்லிமீட்டர். மரையின் அடி விட்டத்தைவிடவே அரை மில்லிமீட்டர் சின்னது! டேப் மரை வெட்டுவதோடு துளையையும் அகலப்படுத்தவேண்டி வரும். பாதியில் இறுகும், ரெஞ்சை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம். உடைந்த டேப் ஹை ஸ்பீடு ஸ்டீல், அதை டிரில் போட்டு எடுக்கவும் முடியாது. காஸ்டிங்கோடு ஜாப் போச்சு.

அப்படியானால் சரியாக 10 மில்லிமீட்டர் போடலாமா? முழு மரை, நூற்றுக்கு நூறு கிடைக்குமே என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். சார்ட் சொல்வது 10.5. அதாவது மரை ஆழத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மட்டும். எம்10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிட்ச் 1.5, ஆழம் பிட்ச்சில் 0.6134 பங்கு, இரு பக்கமும் கழித்தால் 8.16. பாடப்புத்தகக் கணக்குப்படி 8.2 டிரில். ஆனால் விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழி என்ற சுலபச் சூத்திரம் 8.5 என்கிறது. சார்ட்டும் 8.5 என்கிறது. இதிலும் கிடைப்பது சுமார் 80 சதவீத மரைதான். எம்10 நட்டின் உள்விட்டம் 8.376-லிருந்து 8.676-க்குள் இருக்கலாம் என்று ஸ்டாண்டர்டே அனுமதிப்பதால் 8.5 நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

பலம் குறையாதா என்று கேட்பீர்கள். 75 சதவீத மரையைவிட 100 சதவீத மரை பலத்தில் 5 சதவீதம்தான் கூட, ஆனால் டேப்பைத் திருக ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி வேண்டும் என்று பட்டறைக் கைநூல்கள் சொல்கின்றன. மரை போதுமான நீளத்துக்குப் பிடித்திருந்தால், இழுக்கும்போது மரை கழல்வதற்கு முன் போல்ட்டுதான் அறும். பிறகு அந்த 5 சதவீதம் யாருக்கு? இன்னொன்று, ஸ்டீல், அலுமினியம் மாதிரி இழுபடும் உலோகத்தில் டேப் வெட்டும்போது உலோகம் கொஞ்சம் உள்ளே பிதுங்கும், துளை தானாகவே இறுகும். வார்ப்பிரும்பு அப்படிப் பிதுங்காது, பொடியாக உதிரும். கடினமான ஸ்டீலில் ஆழமாக மரை போடும்போது 0.1 கூட்டிப் போடுகிறவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். மெல்லிய தகட்டில் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும் என்றால் கொஞ்சம் குறைத்துப் போடுவதும் சரிதான். நுனி சரியாகத் தீட்டாத டிரில் தன் அளவைவிடப் பெரிய துளை போடும் என்பதையும் மறக்கவேண்டாம். 8.5 என்று எழுதியிருந்தாலும் துளை 8.7 ஆகியிருக்கலாம், வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

விட்வொர்த்துக்கு அளவு ஒரு வெறி. 1851-ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் அவர் 23 பொருட்களை வைத்தார். ஊரே பேசியது இஞ்ச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் மெஷினைப் பற்றித்தான். அதன் உள்ளே மந்திரம் ஒன்றுமில்லை, நம்ம மரைதான். இஞ்ச்சுக்கு 20 மரை உள்ள ஒரு ஸ்குரூ, அதன் தலையில் 200 பல் உள்ள வார்ம் வீல், அதைத் திருப்பும் சக்கரத்தில் 250 கோடுகள். 20-ஐ 200-ஆல் பெருக்கி 250-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாகப் பத்து லட்சம். சுவரில் தொங்கும் சார்ட்டில் கால் இஞ்ச்சுக்கு எதிரே இருக்கிற அதே 20. இஞ்ச்சை அரைக்கால், வீசம் என்று உடைப்பதை விட்டுவிட்டு ஆயிரத்தில் இத்தனை என்று சொல்லுங்கள் என்று வற்புறுத்தியதும் இவர்தான். டர்னர்கள் ஒரு தவ், இரண்டு தவ் என்று பேசுவது அந்த வழியில் வந்தது.

துப்பாக்கிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850-களில் ராணுவம் கேட்டதற்கு இணங்க அறுகோணக் குழல் வைத்த ரைஃபிள் ஒன்றைச் செய்தார். 1857 சோதனையில் ராணுவத்தின் என்ஃபீல்டைவிட மிகத் துல்லியமாகச் சுட்டது. ஆனாலும் ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. குழல் சின்னது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், விலையும் ஜாஸ்தி. 1860-ல் விம்பிள்டன் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்துச் சுட்டது இவருடைய ரைஃபிளில்தான். பீரங்கி விஷயத்திலும் ஆம்ஸ்ட்ராங்கோடு வருஷக்கணக்கில் போட்டி. எனக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை.

ஆனால் ஒன்று தோன்றுகிறது. மரை விஷயத்தில் ஊரையெல்லாம் விசாரித்துச் சராசரிக்கு இறங்கி வந்த மனிதர், துப்பாக்கியில் என் அளவுதான் சரி என்று நின்றார். முதலாவது ஜெயித்தது, இரண்டாவது தோற்றது.

மரை முழுவதும் நிம்மதியாக ஜெயித்ததா என்றால் அதுவும் இல்லை. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 டிகிரி, உச்சி தட்டை என்று வேறொரு மரையை முன்வைத்தார். விட்வொர்த் மரையின் வளைவை வெட்ட நல்ல கைத்திறனும் பல கட்டர்களும் வேண்டும், தட்டை உச்சியைச் சாதாரண மெக்கானிக்கே வெட்டிவிடுவான் என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் நட்டும் அமெரிக்க போல்ட்டும் சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பரில் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 60 டிகிரியில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. நாம் போடும் மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான்.

இதனால் நமக்கு ஒரு ஆபத்து உண்டு. பழைய மெஷின்களில் அரை இஞ்ச் துளை வந்தால் அது விட்வொர்த்தா அமெரிக்க யு.என்.சி.யா என்று கண்ணால் சொல்ல முடியாது. கால் இஞ்ச், மூணு நூல், முக்கால், ஒரு இஞ்ச் எல்லாவற்றிலும் இரண்டுக்கும் மரை எண்ணிக்கை ஒன்றேதான். அரை இஞ்ச்சில் மட்டும் விட்வொர்த் 12, அமெரிக்கன் 13. முதலாவதுக்கு டிரில் 10.5, இரண்டாவதுக்கு 10.8. பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் டேப்பை எடுத்தால் பழைய மரையும் போகும், டேப்பும் போகும். நம்ம வீட்டு ஜி.ஐ. பைப்பில் இருப்பது இன்னமும் 55 டிகிரிதான். அரை இஞ்ச் பைப்புக்கு இஞ்ச்சுக்கு 14 மரை, வெளிவிட்டம் அரை இஞ்ச்சாக இராது, 20.955 மில்லிமீட்டர். பிளம்பர் டை செட்டைத் திருகும்போது நிற்பது விட்வொர்த் வரைந்த அதே வடிவம்.

1868-ல் அவர் செய்த காரியம் நமக்கு நெருக்கமானது. வருஷத்துக்கு 3000 பவுன் ஒதுக்கி, தலைக்கு 100 பவுன் வீதம் 30 பேருக்கு ஸ்காலர்ஷிப் வைத்தார். கணிதமும் இயந்திரவியலும் தெரிந்தால் மட்டும் போதாது, ஃபைல், லேத், உலை எதிலாவது கைவேலையும் செய்து காட்டவேண்டும். கைவேலை மட்டும் தெரிந்தவனும் தேற முடியாது. தியரி பையனுக்கும் பட்டறைப் பையனுக்கும் நடுவே இருந்த சுவரை உடைக்கப் பார்த்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஸ்காலர்ஷிப் பிரிட்டனில் இன்றைக்கும் கொடுக்கப்படுகிறது.

1869-ல் அரசு அவருக்கு பேரனட் பட்டம் கொடுத்து சர் ஜோசப் ஆக்கியது. முதல் மனைவி இறந்தபின் 1871-ல் மறுமணம். பிள்ளைகள் இல்லை. டார்லி டேல் என்ற மலைப்பாங்கான ஊரில் பெரிய வீடு கட்டிக்கொண்டார். உடம்புக்கு ஆகாததால் குளிர்காலங்களில் வெளிநாடு போவது வழக்கம், அப்படிப் போன இடத்தில், 1887 ஜனவரி 22-ம் தேதி மான்டி கார்லோவில் இறந்தார். உடலைக் கொண்டுவந்து டார்லி டேல் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். சொத்தில் பெரும்பகுதி மான்செஸ்டருக்குப் போனது. அங்கே அவர் பேரில் ஒரு பூங்காவும் ஓவியக் கூடமும் இருக்கின்றன. பத்து வருஷம் கழித்து, 1897-ல், அவருடைய கம்பெனி எத்தனையோ வருஷம் பீரங்கிக்காக மல்லுக்கட்டிய அதே ஆம்ஸ்ட்ராங் கம்பெனியோடு இணைந்தது.